பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டா மட்டும் போதாது, உக்கார்ற ஆளுக்கு ஏத்தபடி டெஸ்க்டாப்ப மாத்திக் குடுக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்ட நிறுத்தினத பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். 2025 அக்டோபர் 14-ஓட அது முடிஞ்சுது, விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல் பிராசஸரா இருந்தா பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷனாவது இருக்கணும், அதனால 2017 கடைசிக்கு முன்னாடி வாங்கின மெஷின்ல பாதிக்கு மேல தேறாதுன்னு எல்லாம் சரியா எழுதியிருந்தீங்க. கடைசில மட்டும், லினக்ஸும் (விண்டோஸுக்கு பதிலா இலவசமா போட்டுக்கற ஆப்பரேட்டிங் சிஸ்டம்) போட்டுக்கலாம் ஆனா அது விஷயம் தெரிஞ்சவங்களுக்குத்தான்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர எழுதுறேன், கொஞ்சம் நீளமா போயிடும், பொறுத்துக்கணும்.

நான் கும்பகோணத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். ரொம்ப வருஷமா பழைய மெஷின்கள்ல லினக்ஸ் போட்டுக் குடுத்துக்கிட்டு வர்றேன். மளிகைக் கடைக்காரங்க, டெய்லர், ரிட்டயர்டு ஆனவங்க, காலேஜ் பசங்கன்னு எல்லாரும் வாங்கிட்டுப் போயிருக்காங்க. இதுல யாருமே நீங்க சொல்ற விஷயம் தெரிஞ்சவங்க கிடையாது. அவங்கள்ல தொடர்ந்து யூஸ் பண்றவங்க யாரு, ஒரு வாரத்துல திருப்பி எடுத்துட்டு வந்து இதுல விண்டோஸே போட்டுக் குடுங்க எந்த விண்டோஸா இருந்தாலும் பரவால்லன்னு சொல்றவங்க யாருன்னு பார்த்தா, வித்தியாசம் அவங்க படிப்புலயோ வயசுலயோ இல்லவே இல்ல. டெஸ்க்டாப்ப அவங்களுக்கு ஏத்த மாதிரி அமைச்சுக் குடுத்தமா இல்லையாங்கறதுலதான் எல்லாம் இருக்கு. எழுத்து சைஸ், பேனல் (டாஸ்க்பார் மாதிரி ஸ்க்ரீன் ஓரத்துல இருக்கற பட்டை) எங்க இருக்கு, மெனுல என்ன பேரு இருக்கு, மவுஸ் அம்பு கண்ணுக்கு தெரியுதா, இதுதான் அவங்களுக்கு கம்ப்யூட்டர். உள்ள ஓடுற கெர்னல (சிஸ்டத்தோட மையப் பகுதி) பத்தி அவங்களுக்கு எந்த கவலையும் கிடையாது, இருக்கவும் வேணாம்.

சைக்கிள் வாங்கப் போனா கடைக்காரரு ஏறி உக்காரச் சொல்லி சீட்ட நம்ம உயரத்துக்கு இறக்கியோ ஏத்தியோ டைட் பண்ணித்தான் அனுப்புவாரு, அத யாரும் தனி வேலையா நினைக்கறதில்ல. கம்ப்யூட்டர்ல மட்டும் இந்த வேலைய செய்யறவங்க ரொம்ப கம்மி. என்னை மாதிரி சர்வீஸ் பண்றவங்களே பென்டிரைவ்ல பூட் பண்ணி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் குடுத்து, இன்ஸ்டால் ஆனதும் பில்லு போட்டு அனுப்பிடறாங்க.

ஒரு உதாரணம் சொல்றேன். எங்க கடைக்கு ஒரு ரிட்டயர்டு தமிழாசிரியர் வருவாரு, ரெண்டு கண்ணும் கேட்டராக்ட் ஆபரேஷன் ஆனவரு. 4 ஜிபி ராம் உள்ள பழைய மெஷின், அதுல ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி (அத விட வேகமான டிஸ்க்) போட்டு, லினக்ஸ் மின்ட்ங்கற லினக்ஸ் வகைல, எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான டெஸ்க்டாப் உள்ள பதிப்ப இன்ஸ்டால் பண்ணினேன் (எஸ்எஸ்டி போடாம லினக்ஸ் மட்டும் போட்டா ராக்கெட் மாதிரி ஓடும்னு சொல்றவங்கள நம்பாதீங்க, பழைய ஹார்ட் டிஸ்க் எந்த சிஸ்டத்துலயும் பழைய ஹார்ட் டிஸ்க்தான்). இன்ஸ்டால் முடிய அரை மணி நேரம்கூட ஆகல. அதுக்கப்புறம் அவர பக்கத்துல சேர் போட்டு உக்கார வச்சுத்தான் மீதி வேலைய ஆரம்பிச்சேன்.

முதல்ல எழுத்து. செட்டிங்ஸ்ல அப்பியரன்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதுல ஃபான்ட் பக்கத்துல போனா டிபிஐன்னு ஒரு எண் இருக்கும், சாதாரணமா 96. அத 120 ஆக்கினா மெனு, பட்டன், ஃபோல்டர் பேரு எல்லாமே ஒரே சீரா பெருசாகும். நிறைய பேர் ஃபான்ட் சைஸ மட்டும் ஏத்திட்டு விட்டுடறாங்க, அப்படி செஞ்சா சில புரோகிராம்ல பெருசாவும் சிலதுல பழைய மாதிரியே சின்னதாவும் இருக்கும். டிபிஐய ஏத்திப் பார்த்ததும் ஐயா கண்ணாடிய கழட்டிட்டு ஒரு தடவ, போட்டுக்கிட்டு ஒரு தடவ படிச்சுப் பார்த்தாரு. அப்புறம் "தம்பி, அந்த உகரம் கீழ வெட்டுப்படுது பாருங்க"ன்னாரு. பார்த்தா கீழ இருக்கிற பேனல்ல, திறந்திருக்கிற விண்டோவோட பேரு தமிழ்ல வரும்போது மு, கு, தூ, நூ மாதிரி எழுத்துக்கெல்லாம் கீழ இறங்குற வளைவு பேனல் உயரத்துக்குள்ள அடங்காம அறுந்து நிக்குது. இங்கிலீஷ் எழுத்த மனசுல வச்சு உயரத்த முடிவு பண்ணினா நம்ம எழுத்துக்கு இந்த கதிதான். பேனல் மேல ரைட் க்ளிக் பண்ணி, பேனல் செட்டிங்ஸ்ல வரிசை உயரத்த ஏத்தினேன், எழுத்து முழுசா தெரிஞ்சுது. ஃபான்ட்டையும் நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாத்தி வச்சேன். சிலருக்கு மீரா இனிமை பிடிக்கும், சிலருக்கு முக்தா மலர், எல்லாமே இலவசமா கிடைக்குது, நாலஞ்ச போட்டுக் காட்டி எது கண்ணுக்கு இதமா இருக்குன்னு அவங்களையே கேக்கறதுதான் சரி.

அப்புறம் மவுஸ் அம்பு. மவுஸ் செட்டிங்ஸ்ல தீம் பக்கத்துல அம்போட சைஸ் இருக்கும், 24-ல இருந்து 48-க்கு கொண்டு போனேன். விண்டோவோட ஓரத்த புடிச்சு இழுக்கறது வயசானவங்களுக்கு பெரிய ரோதனை, அந்த கோடு அவ்வளவு மெல்லிசா இருக்கும், மவுஸ அது மேல நிறுத்தறதுக்குள்ள கை நடுங்கி நழுவிடும். எக்ஸ்எஃப்சிஇல ஆல்ட் கீய அமுக்கிக்கிட்டு விண்டோ மேல எங்க வேணா ரைட் பட்டன புடிச்சு இழுத்தா சைஸ் மாறும், லெஃப்ட் பட்டன புடிச்சா விண்டோவே நகரும், ஓரத்த தேட வேண்டியதே இல்ல. விண்டோ மேனேஜர் செட்டிங்ஸ்ல பெரிய ஸ்க்ரீனுக்குன்னு ஒரு ஸ்டைல் இருக்கு, அத போட்டா மூடுற பட்டனும் நல்லா பெருசாயிடும், அது இன்னும் நல்லது. டெஸ்க்டாப் ஐகான் டபுள் க்ளிக்ல திறக்கறத சிங்கிள் க்ளிக்கா மாத்தினதும் ஐயாவுக்கு பாதி கஷ்டம் போயிடுச்சு, டபுள் க்ளிக் பண்ணும்போது மவுஸ் கொஞ்சம் நகர்ந்து ஐகான் இடம் மாறிப் போறது வயசானவங்க எல்லாருக்கும் நடக்கறதுதான்.

மெனுதான் ரொம்ப முக்கியம். பயர்பாக்ஸ், லிப்ரேஆஃபிஸ் ரைட்டர், ரிஸ்ட்ரெட்டோன்னு பேரு இருந்தா யாருக்கு என்ன புரியும்? லினக்ஸ்ல ஒவ்வொரு புரோகிராமுக்கும் மெனுல என்ன பேரு தெரியணும், எந்த ஐகான் வரணும்ங்கறது ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கு, அத நம்ம ஹோம் ஃபோல்டருக்குள்ள ஒரு காப்பி வச்சு மாத்தினா போதும், மாத்தறதுக்கு மெனு எடிட்டர்னு புரோகிராமே இருக்கு. ஐயாவோட மெஷின்ல இப்போ "இன்டர்நெட்", "கடிதம் எழுத", "போட்டோ பார்க்க"ன்னுதான் இருக்கும். டெஸ்க்டாப்ல உங்க பேப்பரோட வெப்சைட்டுக்கு ஒரு லிங்க் போட்டு "இன்னைக்கு பேப்பர்"னு பேரு வச்சிருக்கேன். கடிகாரத்துக்கு பக்கத்துல கிழமையும் தேதியும் தமிழ்லயே வருது. கீபோர்டு விஷயத்துல அவருக்கு தமிழ் 99 வராது, அந்த காலத்து டைப்ரைட்டர்ல பழகினவரு, அதுக்கும் ஐபஸ்ங்கற கீபோர்டு மாத்தற புரோகிராம்ல பழைய தட்டச்சு முறைன்னு தனியா இருக்கு, அத சேர்த்து விட்டதும் கை தன்னால ஓட ஆரம்பிச்சிடுச்சு. கடைசியா பேனல லாக் பண்ணிட்டேன், தவறிப் போய் இழுத்தாலும் எதுவும் நகராது. பேனல் புரொஃபைல்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல மொத்த அமைப்பையும் ஒரு ஃபைலா சேவ் பண்ணி என் பென்டிரைவ்லயும் ஒரு காப்பி வச்சுக்கிட்டேன், நாளைக்கு ஏதாவது கலைஞ்சாலும் ஒரு நிமிஷத்துல பழையபடி வந்துடும்.

இதெல்லாம் சேர்த்து ஒரு மணி நேர வேலைதான். எந்த காசும் கிடையாது, எந்த சாஃப்ட்வேரும் வாங்கல, ஒரு வரி புரோகிராமும் எழுதல. அவர் இன்னைக்கு வரைக்கும் அதுலதான் பேப்பர் படிக்கறாரு, சங்கத்துக்கு லெட்டர் எழுதறாரு. அவர்கிட்ட போயி லினக்ஸ் விஷயம் தெரிஞ்சவங்களுக்குத்தான்னு யாராவது சொல்ல முடியுமா?

இது எக்ஸ்எஃப்சிஇ கதை. கேடிஇ பிளாஸ்மாங்கற டெஸ்க்டாப் இன்னொரு உலகம். காலேஜ் பசங்க வந்தா அதைத்தான் காட்டுவேன், ராம் 8 ஜிபி இருந்தா நல்லாவே ஓடும். பேனல மேல வைக்கலாம், பக்கத்துல வைக்கலாம், ரெண்டு மூணு பேனல்கூட வைக்கலாம், விண்டோ மூடுற பட்டன இடது பக்கம் வேணுமா வலது பக்கம் வேணுமான்னு இழுத்துப் போட்டுக்கலாம், ஒரு கலர தேர்ந்தெடுத்தா பட்டன், ஸ்லைடர், மெனு எல்லாம் அந்த கலருக்கு மாறும். மவுஸ் அம்பு எங்க இருக்குன்னு தெரியலன்னா மவுஸ வேகமா ஆட்டினா போதும், பிளாஸ்மா 6-ல அம்பு பெருசாகி தன்ன காட்டிக்கும், இது சின்ன விஷயமா தெரியலாம், ஆனா கண்ணு மங்கினவங்களுக்கு இத விட பெரிய உதவி கிடையாது. ஒரு பையன் சாயங்காலம் வந்து உக்காந்து பேப்பிரஸ்ங்கற ஐகான் தொகுப்ப போட்டு, பேனல கண்ணாடி மாதிரி ஆக்கி, ஃபைல் மேனேஜரோட டூல்பார்ல தனக்கு வேணாங்கற பட்டன எல்லாம் தூக்கிட்டு, கீபோர்டு ஷார்ட்கட்ட எல்லாம் தன் இஷ்டத்துக்கு வச்சுக்கிட்டான். அதுல அவன் கத்துக்கிட்டது கொஞ்ச நஞ்சம் இல்ல, செட்டிங்ஸ் எல்லாம் ஹோம் ஃபோல்டருக்குள்ள புள்ளில ஆரம்பிக்கிற மறைஞ்ச ஃபோல்டர்கள்ல சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா இருக்குன்னு அவனே தேடி கண்டுபிடிச்சான். தீம் மாத்தறது வெட்டி வேலைன்னு வீட்ல திட்டறாங்கன்னு சொன்னான். பெத்தவங்க இத படிச்சா சொல்லிக்கறேன், பசங்க கம்ப்யூட்டருக்குள்ள கைய விட்டுப் பார்க்க ஆரம்பிக்கிற வாசல் பெரும்பாலும் இதுதான், தடுக்காதீங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாகணும். 2024 மார்ச்ல கேடிஇ ஸ்டோர்ல இருந்த ஒரு குளோபல் தீம (மொத்த தோற்றத்தையும் மாத்தற தீம்) இன்ஸ்டால் பண்ணினவரோட ஃபைல் எல்லாம் அழிஞ்சு போச்சு. தீம்னா வெறும் கலரும் படமும்தானேன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, குளோபல் தீமுக்குள்ள புரோகிராம் கோடும் (code) வரும், அது நம்ம யூசர் பேர்ல ஓடி எத வேணா செய்ய முடியும்னு அப்போதான் தெரிய வந்துச்சு. அதுக்கப்புறம் கேடிஇ காரங்க எச்சரிக்கையும் போட்டாங்க. அதனால வால்பேப்பர், ஐகான், கலர் ஸ்கீம் இதெல்லாம் பரவால்ல, யாரோ செஞ்ச மொத்த தீம இறக்கறதுக்கு முன்னாடி போட்டோ, டாகுமெண்ட் எல்லாத்தையும் வேற டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சுக்கணும். முடிஞ்ச வரைக்கும் டிஸ்ட்ரோவோட (மின்ட், உபுண்டு மாதிரி நாம போட்டிருக்கற லினக்ஸ் வகை) சாஃப்ட்வேர் மேனேஜர்லயே கிடைக்கறத போடறது நல்லது.

இந்த இடத்துல கொஞ்சம் பழைய கதையும் சொல்லணும், ஏன்னா இந்த சுதந்திரம் சும்மா வந்துடல. கேடிஇய மத்தியாஸ் எட்ரிக்னு ஒரு ஜெர்மன் மாணவர் அறிவிச்சது 1996 அக்டோபர் 14, விண்டோஸ் 10 முடிஞ்ச அதே தேதி. அப்போ லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ்ல ஒவ்வொரு புரோகிராமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், சாதாரண ஆளு உக்காந்து வேலை பார்க்கற மாதிரி ஒண்ணு வேணும்ங்கறதுதான் அவரோட நோக்கமே. அடுத்த வருஷம் க்னோம்னு இன்னொரு டெஸ்க்டாப் வந்துச்சு. 2011 ஏப்ரல்ல க்னோம் 3 வந்தப்போ கீழ இருந்த டாஸ்க்பார காணோம், மினிமைஸ் பட்டன காணோம், இனிமே இப்படித்தான்னு சொல்லிட்டாங்க. பெரிய கோபம் வந்துச்சு. லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸே அத ஒத்துக்க முடியாம எக்ஸ்எஃப்சிஇ பக்கம் போயிட்டாரு, அப்புறம் ரெண்டு வருஷத்துல எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி சேர்க்கற சின்ன புரோகிராம்) எல்லாம் வந்த பிறகு க்னோமுக்கே திரும்பினாரு. பழைய க்னோம் 2-தான் வேணும்னவங்க என்ன செஞ்சாங்கன்னா, அர்ஜென்டினாவுல ஒருத்தர் அந்த பழைய புரோகிராம் கோட அப்படியே எடுத்து "மாட்டே" (MATE) அப்படிங்கற பேர்ல நடத்த ஆரம்பிச்சாரு, இன்னைக்கும் நடக்குது. லினக்ஸ் மின்ட் காரங்க சின்னமன்னு ஒரு டெஸ்க்டாப் செஞ்சாங்க. உபுண்டு காரங்களும் அதே வருஷம் யூனிட்டிங்கற டெஸ்க்டாப்ப கொண்டு வந்து ஐகான் பட்டைய இடது ஓரத்துல ஒட்டி வச்சிட்டாங்க, அத கீழ கொண்டு வர்றதுக்கு 2016-ல வந்த 16.04 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு, அடுத்த வருஷமே யூனிட்டியையே விட்டுட்டு க்னோமுக்கு திரும்பறோம்னுட்டாங்க.

ஓப்பன் சோர்ஸ்லயும் (கோட யாரும் எடுத்து மாத்திக்கலாம்ங்கற முறை) மேல இருக்கறவங்க தன் இஷ்டத்துக்கு மாத்தத்தான் செய்யறாங்க, அத நான் மறைக்கல. வித்தியாசம் என்னன்னா இங்க பிடிக்காதவங்களுக்கு போக இடம் இருக்கு, பழசையே எடுத்து காப்பாத்திக்க உரிமை இருக்கு. 2021-ல விண்டோஸ் 11 வந்தப்போ டாஸ்க்பார மேலயோ பக்கத்துலயோ வச்சுக்கற வசதிய எடுத்துட்டாங்க, பல வருஷமா பக்கத்துல வச்சு பழகினவங்க புகார் எழுதறத தவிர என்ன செய்ய முடிஞ்சுது? யாராலயாவது பழைய டாஸ்க்பாரோட புரோகிராம் கோட எடுத்து எங்களுக்கு நாங்களே நடத்திக்கறோம்னு சொல்ல முடிஞ்சுதா?

க்னோம் விஷயத்துல இன்னொரு சண்டையும் இருக்கு, அதுல என் கருத்த சொல்லிடறேன். 2019-ல க்னோமுக்கு ஆப் எழுதற டெவலப்பர்கள் சேர்ந்து ஒரு திறந்த கடிதம் எழுதினாங்க, எங்க ஆப்புக்கு தீம் போடாதீங்க, உங்க தீமால எழுத்து தெரியாம போகுது, ஐகான் மாறிப் போகுது, அந்த புகார் எல்லாம் எங்ககிட்ட வருதுன்னு. அந்த கடிதத்த முக்கியமா டிஸ்ட்ரோ காரங்கள பார்த்துத்தான் எழுதினாங்க, தன் வீட்ல தன் மெஷின்ல மாத்திக்கறவங்கள தடுக்கலன்னும் சொன்னாங்க. அவங்க கஷ்டம் எனக்கு புரியுது, பாதி தீம்கள்ல கருப்பு மேல சாம்பல் கலர் எழுத்த நானே பார்த்து நொந்திருக்கேன். ஆனா 2022-ல க்னோம் 42 வந்ததுல இருந்து புது ஆப் எல்லாம் லிப்அட்வைட்டாங்கற ஒரே தோற்றத்துலதான் வருது, லைட் இல்லன்னா டார்க், 2024-ல 47 வந்தப்போதான் கலர் மாத்தவே விட்டாங்க. அழகு கெட்டுப் போகுதுங்கறது டெவலப்பரோட கவலை, படிக்க முடியலங்கறது கண்ணு மங்கினவரோட கவலை, இதுல ரெண்டாவதுக்குத்தான் முதலிடம் குடுக்கணும்னு நான் நினைக்கறேன். க்னோம்லயும் பெரிய எழுத்து, ஹை கான்ட்ராஸ்ட், ஸ்க்ரீன்ல இருக்கறத படிச்சுச் சொல்ற ஆர்க்கா ஸ்க்ரீன் ரீடர் எல்லாம் நல்லாவே இருக்கு, அத குறை சொல்ல மாட்டேன். எக்ஸ்டென்ஷன்தான் தொல்லை, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ புது வெர்ஷன் வரும்போது ஏதாவது ஒண்ணு வேலை செய்யாம போகும், அதனால வயசானவங்க மெஷின்ல எக்ஸ்டென்ஷன நம்பி நான் எதையும் அமைக்கறதில்ல.

இப்போ நம்ம ஊர் விஷயத்துக்கு வர்றேன். தமிழ்நாடு அரசு 2011-ல ஆரம்பிச்ச திட்டத்துல குடுத்த இலவச லேப்டாப் பலதுல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்து இருந்துச்சு. பாஸ் நம்ம மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் சி-டாக் செஞ்சது, இந்திய மொழிகளுக்காகவே செஞ்சது. ஆனா நான் பார்த்த வரைக்கும் பசங்க கைக்கு வந்ததும் முதல் வேலையா கடைக்கு எடுத்துட்டு வந்து அத அழிச்சிட்டு அந்த இடத்தையும் விண்டோஸுக்கே குடுங்கன்னாங்க. அத திறந்தா என்ன செய்யலாம், எப்படி மாத்திக்கலாம்னு யாரும் அவங்களுக்கு காட்டவே இல்லங்கறதுதான் காரணம். பக்கத்துல கேரளாவுல பல வருஷமா ஸ்கூல் லேப்ல லினக்ஸ்தான், அவங்க அரசோட கைட் நிறுவனம் உபுண்டுவ எடுத்து மலையாள ஃபான்ட், கீபோர்டு, பாடத்துக்கு வேண்டிய சாஃப்ட்வேர் எல்லாத்தையும் உள்ளயே வச்சு, டீச்சருங்களுக்கு ட்ரெய்னிங்கும் குடுத்துத்தான் அனுப்பறாங்க. அமைச்சுக் குடுக்கற அந்த வேலைய ஒருத்தர் பொறுப்பா எடுத்து செஞ்சதாலதான் அங்க நின்னுச்சு.

இப்போ விண்டோஸ் 10 முடிஞ்சதால ஸ்கூல், நூலகம், ஊராட்சி ஆபிஸ்னு எங்கெல்லாம் பழைய மெஷின் இருக்கோ அதெல்லாம் ஏலத்துக்கோ குப்பைக்கோ போகப் போகுது. அதுல பாதிய காப்பாத்தலாம். நூலகத்துல பொது மக்கள் தொடற மெஷினா இருந்தா, ஒருத்தர் வந்து மாத்தி வச்சிட்டுப் போயிடுவாங்களேன்னு பயப்பட வேணாம், எக்ஸ்எஃப்சிஇல கியோஸ்க்னு ஒரு முறை இருக்கு, பேனல யாரு மாத்தலாம் யாரு மாத்தக் கூடாதுன்னு அட்மின் ஒரு ஃபைல்ல எழுதி வச்சிட்டா போதும். ஒரு மெஷின்ல நல்லா அமைச்சிட்டு, அந்த செட்டிங்ஸ் ஃபோல்டர அப்படியே மத்த மெஷின்களுக்கு காப்பி பண்ணலாம், எல்லாம் டெக்ஸ்ட் ஃபைல்தானே. போட்டித் தேர்வுக்கு படிக்கற பசங்களுக்கு ஒரு அமைப்பு, பேப்பர் படிக்க வர்ற பெரியவங்களுக்கு பெரிய எழுத்தோட ஒரு அமைப்புன்னு ரெண்டு யூசர் அக்கவுண்ட் வச்சா ஒரே மெஷின் ரெண்டு பேருக்கும் உதவும். பார்வை இல்லாதவங்களுக்காக மூணாவதா ஒண்ணு, ஆர்க்காவோட. எழுத்த குரலாக்கற ஈஸ்பீக் புரோகிராம்ல தமிழ் குரல் இருக்கு, இயந்திரக் குரல்தான், இருந்தாலும் இல்லாததுக்கு எவ்வளவோ மேல்.

எல்லாருக்கும் லினக்ஸ் சரிப்படும்னு நான் சொல்லல. டேலி வச்சிருக்கற கடைக்காரங்களுக்கு, பேஜ்மேக்கர்லயும் போட்டோஷாப்லயும் பத்திரிகை அடிக்கற டிடிபி காரங்களுக்கு நான் விண்டோஸ்தான் போட்டுக் குடுக்கறேன். பாமினி மாதிரி யூனிகோடு இல்லாத பழைய ஃபான்ட்ல ஃபைல் வச்சிருக்கறவங்களுக்கு மாத்தறதுக்கு தனி வேலை இருக்கு. சில பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்காது, வாங்கறதுக்கு முன்னாடி பார்த்துக்கணும். தமிழ் மொழிபெயர்ப்பும் முழுசா இல்ல, ஒரே செட்டிங்ஸ் விண்டோல மேல தமிழ், கீழ இங்கிலீஷ்னு கலந்து வரும், பார்க்கவே சங்கடமா இருக்கும். அது யாராவது உக்காந்து செஞ்சா சரியாகற விஷயம்தான், செய்யறவங்க எண்ணிக்கை ரொம்ப குறைவா இருக்கு. கணியம் இதழ், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு மாதிரி காசு வாங்காம தமிழ்ல சொல்லிக் குடுக்கறவங்க இருக்காங்க, அவங்க செய்யற வேலை ஊர் பேப்பர் வாசகர் வரைக்கும் வந்து சேரணும்னா அது உங்கள மாதிரி பேப்பர் கைலதான் இருக்கு.

அதனால நான் கேக்கறது இதுதான். வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்குங்க. எந்த டிஸ்ட்ரோ பெஸ்ட்னு பட்டியல் போடாதீங்க, அது எல்லா இடத்துலயும் கிடைக்குது, யாருக்கும் உதவறதும் இல்ல. பேனல்ல தமிழ் எழுத்து வெட்டுப்படாம இருக்க என்ன செய்யணும், தமிழ் 99-உம் பழைய தட்டச்சும் எப்படி சேர்க்கறது, அம்ப எப்படி பெருசாக்கறது, மெனுல பேர எப்படி மாத்தறது, அமைச்சத எப்படி சேவ் பண்ணி வைக்கறதுன்னு ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம், ஸ்க்ரீன் படத்தோட போடுங்க. படம் கொஞ்சம் பெருசா இருக்கட்டும், அத வெட்டி எடுத்து மானிட்டர் பக்கத்துல ஒட்டி வச்சுக்கிட்டு செய்யறவங்க நிறைய பேர் இருப்பாங்க. எழுத ஆள் கிடைக்கலன்னா நானே எழுதித் தர்றேன், காசு வேணாம், மின்ட் எக்ஸ்எஃப்சிஇல முதல் நாலு வாரத்துக்கு வேண்டியத இந்த லெட்டரோடவே தனியா இணைச்சிருக்கேன், சரியா இருக்கான்னு உங்க ஆபிஸ்ல ஒரு பழைய மெஷின்ல போட்டுப் பார்த்துட்டு போடுங்க.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கும் ஒரு வாசகர்,
கும்பகோணம்